பழி தமிழ்ப்பள்ளி மீதா?

தோட்டப்புற இளைஞர் குண்டர் கும்பலில் சேரத் தமிழ்ப்பள்ளியே காரணம் என்ற வாதம் மலேசியாவில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களைப் பட்டியலிட்டு, உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இந்தியர் என்றதும் அதற்குக் கால் முளைத்தது. கணக்கு இருக்கட்டும், காரணம் பொருந்தவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தடுமாற்றம் அதன்பின், மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் தொடங்குகிறது. மலாய்மொழியில் பின்தங்கிய பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். தேசியப்பள்ளியில் படித்த அதே வயதுப் பிள்ளை நேரே முதலாம் படிவத்துக்குப் போய்விடுகிறது. பதின்மூன்று வயதில் அந்த ஓராண்டு சின்ன விஷயமல்ல.

இன்னொன்று வீடு. பேராக்கின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிம் வட்டாரத்திலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து லயம் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். கோயில், பள்ளி, பிள்ளைக் கொட்டகை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்த வாழ்க்கை (கள்ளுக்கடையும்தான் இருந்தது) மலிவுவிலை அடுக்குமாடிக்கு இடம்பெயர்ந்தது. தாயும் தகப்பனும் ஷிப்டு வேலைக்குப் போக, மாலையில் பிள்ளையைக் கேட்பாரில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கும்பலின் 'அண்ணன்' நுழைகிறார்.

தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்ட இந்தியர்கள் குடியேறிய டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் போதைப்பொருளும் கும்பலும் இளைஞரைப் பிடித்தன. அங்கே பிள்ளைகள் படித்தது ஆங்கிலவழியில்.

தஞ்சோங் மாலிமிலோ 1922 முதல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வி நிறுவனம் இருக்கிறது. இன்று பல்கலைக்கழகமாகத் தமிழாசிரியர்களையும் உருவாக்குகிறது. புரோட்டோன் கார் ஆலையும் அருகிலேயே உண்டு. குறை சொல்வோர் கேட்க வேண்டியது, புகுமுக வகுப்பிலிருந்து இவ்விரண்டுக்கும் போகும் வழியில் எத்தனை பேர் உதிர்கிறார்கள் என்பதை.