மணியடிக்கும் கல்லாப் பெட்டி

கடை வைத்திருப்பவர் எவரையாவது சற்று அந்தரங்கமாக விசாரித்துப் பாருங்கள். "வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, ராத்திரி கல்லாவை எண்ணும்போதுதான் கணக்கு உதைக்கிறது" என்பார். பகலெல்லாம் கூட்டம், சரக்கும் குறைந்திருக்கிறது, பணத்தை மட்டும் காணோம். சில்லறை கொடுத்ததில் தவறியிருக்கலாம். கடன் கொடுத்ததை எழுத மறந்திருக்கலாம். மைத்துனர் வந்தபோது காப்பிக்கென்று எடுத்துப் போயிருக்கலாம். கடைப் பையன் எடுத்திருக்கலாம். இந்த நாலில் எது என்று தெரியாமலிருப்பதே கடைக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும் வியாதி.

அமெரிக்காவில் ஓஹியோ மாகாணத்து டேட்டன் நகரிலே மதுக்கடை நடத்திவந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவரும் இதே வியாதியால் பீடிக்கப்பட்டிருந்தார். 1878-ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். கப்பலின் இயந்திர அறைக்குப் போய்ப் பார்த்தபோது, சுழல்விசிறி எத்தனை தடவை சுற்றியது என்பதைத் தானே எண்ணிக் காட்டும் கருவி ஒன்று அவர் கண்ணில் பட்டது. விசிறியின் சுற்றுக்களை எண்ண முடியுமானால் கல்லாவில் விழும் காசை எண்ண முடியாதா? ஊர் திரும்பியதும் தம் சகோதரர் ஜானுடன் சேர்ந்து ஓர் இயந்திரம் செய்தார். 1879-இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். கடிகாரம் போன்ற முகம். ஒரு முள் டாலரைக் காட்டும், மற்றொன்று ஸெண்டைக் காட்டும். அதற்கு அவர் இட்ட பெயர் "கெடுக்க முடியாத காசாளர்." இப்பெயரைக் கேட்ட மனிதக் காசாளர்களின் மனம் எப்படியிருந்திருக்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இயந்திரத்தைச் செய்யத் தெரிந்தவருக்கு அதை விற்கத் தெரியவில்லை. ஆகவே அந்தத் தொழிலைப் பிறருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் பணம் போடும் இழுப்பறையையும், அது திறக்கும்போதெல்லாம் கணீரென்று ஒலிக்கும் மணியையும் சேர்த்தார்கள். அப்படியும் வியாபாரம் சூடு பிடிக்கவில்லை. 1884-இல் ஜான் பாட்டர்ஸன் என்பவர் 6,500 டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கினார். ஊரார் கைகொட்டிச் சிரித்தார்களாம். மறுநாளே அவர் ஓடிப்போய், "2,000 டாலர் வேண்டுமானாலும் நஷ்டம் கொடுக்கிறேன், என்னை விட்டுவிடுங்கள்" என்று கெஞ்சியதாகவும், விற்றவர் அசையவில்லை என்றும் சொல்லுவார்கள். வேறு வழியில்லை. கம்பெனிக்கு 'நாஷனல் காஷ் ரிஜிஸ்டர்' என்று பெயரிட்டு வேலையில் இறங்கினார்.

பாட்டர்ஸனுக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. அவர் தாமே முன்பு நிலக்கரிச் சுரங்கத்தை அடுத்து ஒரு கடை நடத்தி, சரக்கு விற்றும் லாபம் காணாமல் தவித்தவர். ரிட்டியின் இயந்திரங்கள் இரண்டை வாங்கி வைத்த பிறகே அக்கடையில் லாபம் கண்டவர். ஆகையால் கடைக்காரரின் நோவு எங்கே இருக்கிறதென்பது அவருக்கு ஏட்டுச் சுரைக்காயாக இல்லை.

எனினும் காரியம் சுலபமாயில்லை. அரிசி பருப்பானால் வாங்குவோர் தேடி வருவார்கள். இந்த இயந்திரத்தையோ உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வாங்கக்கூடியவர்கள் யார்? மதுக்கடைக்காரர், மளிகைக்காரர், மருந்துக் கடைக்காரர். தாமே முதலாளி, தாமே கணக்குப்பிள்ளை என்றிருந்த தனி மனிதர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே போய்ப் பிடிக்க வேண்டும். போனால் எதிரே நிற்பவன் கடைச் சிப்பந்தி! தன்னைத் திருடன் என்று சொல்லவந்த பெட்டியல்லவா அது? கம்பெனியின் விளம்பரக் கடிதங்கள் முதலாளியின் கைக்குப் போகாமலே குப்பைக்குப் போயின. டேட்டன் தபால் முத்திரையைக் கண்டாலே கிழித்தெறிந்தார்களாம். கம்பெனியார் பெயர் போடாத வெறும் உறைகளில் வைத்து வேறு ஊர்களிலிருந்து அனுப்பத் தொடங்கினார்கள்.

பாட்டர்ஸன் செய்த யுக்திகளில் எனக்கு மிகவும் ரஸமாகப் படுவது ஹோட்டல் அறைதான். கடையிலே வைத்து இயந்திரத்தைக் காட்டக் கூடாது என்பது அவருடைய விதி. அங்கே சிப்பந்தி முறைத்துப் பார்ப்பான். பாதிப் பேச்சில் ஒருவர் சர்க்கரை கேட்டு வருவார். ஏஜண்டு ஊரிலுள்ள ஹோட்டலில் ஓர் அறையைப் பிடித்து, அதைச் சிறு கடையைப் போலவே ஜோடித்து, அங்கே கடைக்காரரை அழைத்து உட்கார வைப்பான். தம் கடையைத் தாமே வெளியில் நின்று பார்ப்பது போன்ற அனுபவம் அந்த மனிதருக்கு அன்றுதான் ஏற்படும்.

என்ன பேசுவது என்பதற்கும் புஸ்தகம் உண்டு. பாட்டர்ஸனின் மைத்துனர் ஜோஸப் கிரேன் சிறந்த விற்பனைக்காரர். அவர் பேசுவதை அப்படியே எழுதி 1887-இல் சிறு பிரசுரமாக அச்சிட்டார்கள். ஏஜண்டுகள் அதை எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட வேண்டும். பள்ளிக்கூடப் பாடம் போல ஒப்பிக்கச் சொன்னால் எந்த மானஸ்தன் சம்மதிப்பான்? பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பேச்சு இயந்திரத்தின் சக்கரங்களைப் பற்றித் தொடங்காது. கடைக்காரரின் கடையைப் பற்றித் தொடங்கும். கடனில் போனது எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, மறந்துபோனது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போகும். ஒரே கடையில் பல சிப்பந்திகளா? ஆளுக்கோர் இழுப்பறை வைத்த பெரிய இயந்திரமும் இருந்தது. வாடிக்கைக்காரரின் கண்ணில் படும்படி இயந்திரத்தின் உச்சியில், "ரசீது கேட்டு வாங்குங்கள்" என்று பலகை வைத்தார்கள். சம்பளமில்லாத காவற்காரராக வாடிக்கைக்காரரையே நியமித்துவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்பது! 1911-க்குள் பத்து லக்ஷம் இயந்திரங்கள் விற்றாகிவிட்டன.

சிப்பந்தியின் கதி என்ன? "யோக்கியனுக்கு இது பாதுகாப்பு, சந்தேகத்துக்கே இடமிராது" என்று கம்பெனியார் வாதித்தார்கள். இதில் பாதி உண்மை. கல்லாவில் குறைந்ததெல்லாம் களவல்ல, பெரும்பாலும் மறதிதான் என்று இயந்திரம் ருசுப்படுத்திய கடைகள் எத்தனையோ இருந்திருக்கும். மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். பத்து வருஷம் நம்பிக்கையாக வேலை செய்தவனைப் பற்றி முதலாளியின் மனத்தில் ஒரு சிறு முள்ளைத் தைக்காமல் இந்தப் பெட்டியை விற்க முடியாது. ஹோட்டல் அறையிலிருந்து திரும்பும் முதலாளி, போனபோது இருந்த முதலாளியல்ல.

பிறருடைய சிப்பந்திகளைக் கணக்கெடுத்த பாட்டர்ஸன் தம் சிப்பந்திகளிடமே ஒரு பாடம் கற்றார். 1894-இல் சுமார் 50,000 டாலர் பெறுமான இயந்திரங்கள் பழுதென்று இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தன. அவர் தம் மேஜையைத் தொழிற்சாலைக்குள்ளேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இருட்டும் அழுக்குமான இடத்தில் வேலை செய்பவன் எதற்காக அக்கறை காட்டுவான் என்பது அப்போதுதான் விளங்கிற்று. சுவரெல்லாம் ஜன்னலாகக் கட்டடங்கள் எழுப்பினார். குளிக்க வசதியும் சூடான உணவும் ஏற்பாடு செய்தார். அங்கே அவர் மணி எதுவும் மாட்டவில்லை.

போட்டிக்காரர்களிடம் அந்தத் தயவு இல்லை. 1903-இல் தாமஸ் வாட்ஸன் என்ற தம் ஏஜண்டைக் கொண்டு பழைய இயந்திர வியாபாரம் ஒன்றை ரகசியமாக நடத்தி, அத்தொழிலிலிருந்த பிறரை மூழ்கடித்தார். அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. 1913 பிப்ரவரியில் பாட்டர்ஸன், வாட்ஸன் உள்ளிட்ட பலருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே டேட்டனை வெள்ளம் சூழ்ந்தது. பாட்டர்ஸன் தம் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான படகுகளைக் கட்டுவித்து, ஆயிரக்கணக்கானோருக்கு இடமும் உணவும் அளித்தார். ஊர் அவரைக் கொண்டாடியது. 1915-இல் மேல்கோர்ட்டார் தண்டனையை ரத்து செய்தனர். இடையில் வேலை நீக்கப்பட்ட வாட்ஸன் வேறு கம்பெனிக்குப் போய், அதை 'ஐ.பி.எம்.' என்று உலகறியச் செய்தது தனிக் கதை.

சென்ற வருஷம் எங்கள் தெரு மளிகைக் கடைக்குக் கம்ப்யூட்டர் பில் போடும் இயந்திரம் விற்க ஒரு வாலிபர் வந்தார். அரைமணி நேரம் அதன் பெருமைகளைச் சொன்னார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதிலே கடன் நோட்டு உண்டா? பத்து ரூபாய்க்குப் புளி கேட்டால் எடை எப்படிப் போடுவது?" என்றார். வாலிபர் விழித்தார், போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் வந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் சாயங்காலம் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கடன் கணக்கும் சில்லறை எடையும் சேர்த்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். கடைக்காரர் வாங்கிவிட்டார்.

கடையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கும் பையன் மட்டும் இரண்டு நாள் எவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொட்டலம் மடிப்பதில்கூடக் கோபம் தெரிந்தது. கடைக்காரர் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் காலை நான் போனபோது இயந்திரத்தின் முன்னால் அந்தப் பையனே உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் பழையபடி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.