மலிவாக வந்த கோழி

நாட்டுக்கோழி விலை சும்மா இறங்காது. ஆடியில் ஏறும், தீபாவளிக்கு ஏறும், புரட்டாசியில் சற்றே சாயும். இதற்கெல்லாம் ஊருக்குத் தெரிந்த கணக்கு உண்டு. அந்தக் கணக்கு எதிலும் சேராமல், மாசி பங்குனி வெயிலில், முட்டைக்கு வரப்போகும் விடைக்கோழியைப் பாதி விலைக்கு ஒருவர் நீட்டினால், பணத்தை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "உங்க ஊர்ல கோழிக்குச் சீக்கு விழுந்திருக்கா?"

நேரான பதில் கிடைக்காது. அதற்காக விற்கிறவரைத் திட்டியும் பயனில்லை. அவர் பக்கத்து வீட்டில் முந்தாநாள் மூன்று கோழி தூங்கித் தூங்கி விழுந்து செத்திருக்கும். தன் வீட்டில் பத்து நிற்கிறது. இன்றைக்கு விற்றால் காசு, நாளைக்குச் செத்தால் குப்பை. இரண்டை அடித்துக் குழம்பு வைத்துவிட்டு, மிச்சத்தைக் காலைக் கட்டி வண்டியில் தொங்கவிட்டுச் சந்தைக்கு வருகிறார். கிருமி உடம்பில் நுழைந்து நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். சில கோழிகளில் இரண்டே நாள், சிலவற்றில் பதினைந்து நாள்கூட ஆகலாம். ஆகவே சந்தையில் அந்தக் கோழி கொண்டை சிவக்க, கண் பளபளக்க நிற்கிறது. வாங்கியவர் கல்வராயன்மலை அடிவாரத்துச் சங்கராபுரத்தில் பஸ் ஏறி, அந்தி சாய்வதற்குள் அதைத் தன் வீட்டுக் கூட்டில் விட்டுவிடுகிறார். அடுத்த வாரம் கூடு காலி.

கோழிக்கு நோய் காற்றில் வருகிறது என்றுதான் ஊர் சொல்கிறது. பல வீடுகளில் அது காசு கொடுத்து வாங்கி, கூடையில் வைத்துக் கொண்டுவரப்பட்டதாக இருக்கும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த நோய்க்குப் பெயர் வெள்ளைக்கழிச்சல். தீனி எடுக்காமல் இறக்கையைத் தொங்கப் போட்டுக் கண்மூடி நிற்பது, வெள்ளையும் பச்சையுமாகக் கழிவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பிழைத்துக் கிடந்தால் கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இழுத்துக்கொள்வது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையான வகை நுழைந்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டு, சில சமயம் அதுவும் இல்லை. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இது அடையாளம் காணப்பட்டது. உலகம் அதை நியூகாசில் நோய் என்றது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைப் பகுதியின் ராணிக்கேட்டில் தென்பட்டதால் இந்தியாவில் ராணிக்கேட் நோய் என்ற பெயர் நிலைத்தது. அதற்கான தடுப்பு மருந்து தமிழ்நாட்டில் தயாராவது ராணிப்பேட்டையில், 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில். ராணிக்கேட்டுக்கு ராணிப்பேட்டை என்பது தற்செயல்தான். ஆனாலும் நினைவில் வைக்க வசதியான தற்செயல்.

2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் கோழியினங்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 12 கோடிக்கு மேல். அந்தக் கோடிகளில் பெரும்பங்கு நாமக்கல் போன்ற இடங்களின் பண்ணைகளில் கூண்டுக்குள் நிற்கிறது. அங்கே வாசலில் கிருமிநாசினி தொட்டி உண்டு, ஊசிக்கு நாள் குறித்த அட்டவணை உண்டு, வெளியாள் உள்ளே கால்வைக்க முடியாது. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொன்னது. இந்தியா முழுவதும் வீட்டுப் புறக்கடையில் வளரும் கோழிகள் 2012-ஐவிட 45 சதவீதத்துக்கும் மேல் பெருகி, 31 கோடியைத் தாண்டியிருந்தன. சங்கராபுரத்துத் தெருவிலும் கல்வராயன்மலைக் குக்கிராமத்திலும் குப்பையைக் கிளறிக்கொண்டு திரிபவை இந்த இரண்டாவது வகை. அவற்றுக்கு வாசலும் இல்லை, தொட்டியும் இல்லை. கீரி பிடித்தது, நாய் கடித்தது, குலசாமிக்கு நேர்ந்துவிட்டது, மருமகன் வந்த அன்று அடித்தது போக, வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது புதுக்கோழி வாங்கித்தான் கூட்டை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பம் தன் எட்டுப் பத்துக் கோழிகளை வைத்துச் சூதாடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தச் சூதாட்டத்தை நிறுத்த மருந்து தேவையில்லை, ஒரு மாதம் போதும். புதுக்கோழியை முப்பது நாள் தனியே வைக்க வேண்டும் என்பது உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்வது. கேட்டவுடன் எழும் பதிலும் தெரிந்ததே: "இருக்கறதே ஒரு கூடு, இதுல தனியா எங்க வெக்கறது?" நியாயமான கேள்வி. ஆனால் பஞ்சாரக் கூடை இல்லாத வீடு குறைவு. தாய்க்கோழியையும் குஞ்சையும் பருந்துக்குப் பயந்து மூடி வைக்கும் அதே கூடையை வீட்டின் மறுபக்கத்துக்கு நகர்த்தினால் பாதி வேலை முடிந்தது. பழைய கூட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு நல்லது. மிச்சப் பாதி பழக்கத்தில் இருக்கிறது. காலையில் முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி, பிறகுதான் புதுசுக்கு. வரிசை மாறக் கூடாது. தண்ணீர்ச் சட்டி தனி. புதுக்கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பழைய கூட்டுப் பக்கம் போகக் கூடாது. அதன் எச்சத்தை மிதித்த செருப்பும் அப்படித்தான். சந்தைக்குப் போன கூடையையும் சாக்கையும் வெயிலில் காயப்போட வேண்டும். இந்தக் கிருமிக்குக் கால் கிடையாது. அது மனிதர் காலில் நடக்கிறது.

அந்த முப்பது நாளும் கோழியைச் சும்மா அடைத்து வைப்பதற்கல்ல, பார்ப்பதற்கு. எச்சம் எப்படி விழுகிறது, மூக்கில் நீர் வடிகிறதா, முகம் வீங்குகிறதா என்பது பகலில் தெரியும். இரவில் ஊர் அடங்கிய பிறகு கூடைப் பக்கம் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால், பகலில் கேட்காத கரகரப்பு மூச்சில் இருந்தால் கேட்கும். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய்ப் பக்கமும் முடியை விலக்கினால் பேன் இருந்தால் தெரியும்.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. தனியே வைக்காமல் பழைய கூட்டத்தோடு விட்ட புதுக்கோழி, வந்த பத்தாம் நாள் அதுவே நோயில் படுத்தால், "சந்தையிலேயே சீக்கோட வந்த கோழி" என்று வீடு தீர்ப்பு எழுதிவிடும். கல்யாணமான மூன்றாம் மாதம் மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மருமகள் கால் வைத்த நேரம் என்பார்களே, அந்த ரகத் தீர்ப்பு இது. குற்றவாளி பழைய கூட்டமாகவும் இருக்கலாம். சளி நோயிலும் நாள்பட்ட மூச்சு நோயிலும் பிழைத்த கோழி பார்க்க நன்றாக இருந்துகொண்டே கிருமியைச் சுமந்து திரியும். ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் ஒட்டுண்ணி அந்த வீட்டு மண்ணிலேயே இருக்கும். அந்த மண்ணில் வளர்ந்த கோழிகளுக்கு அது பழகிப்போயிருக்கும், புதிதாக வந்த இளங்கோழிக்குப் பழக்கமில்லை. போதாக்குறைக்குப் பயணக் களைப்பு, புது இடம், பழைய பெட்டைகளின் கொத்து. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரரான ஷெல்டரப்-எப்பே 1921-ல் ஆய்வாக எழுதினார். நம் ஊர்ப் பாட்டிகள் அதற்கு முன்பே பார்த்திருப்பார்கள், எழுதத்தான் இல்லை. கடைசி வரிசையில் நிற்கும் கோழிக்குத் தீனி கடைசியில், நோய் முதலில்.

நோய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. தனிக்காவலின் கடைசி வாரத்தில் பழைய கூட்டத்திலிருந்து, போனாலும் பரவாயில்லை என்று தோன்றும் ஒரு கோழியைப் புதுசுகளோடு கூடைக்குள் விட வேண்டும். ஒரு வாரத்தில் பழையது படுத்தால் நோய் வெளியிலிருந்து வந்திருக்கிறது. புதுசு படுத்தால் நோய் வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டும் மேய்ந்துகொண்டிருந்தால், ஓர் இரவில் எல்லாம் அடைந்த பிறகு புதுசுகளைப் பழைய கூட்டில் விட்டுவிடலாம். விடியும்போது கொத்து கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒற்றைக் கோழியாகச் சேர்ப்பதைவிட இரண்டு மூன்றாகச் சேர்த்தால் கொத்து பகிர்ந்து விழும்.

ஏழை வீட்டுக் கோழிக்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று தோன்றலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2002-ல் இதே வெள்ளைக்கழிச்சல் புகுந்தது லாஸ் ஏஞ்சலிஸ் சுற்றுப்புறத்து வீடுகளில், சண்டைச் சேவல் வளர்த்தவர்களின் கொல்லையில். சேவல் கைமாறக் கைமாற நோயும் கைமாறி, பெரிய முட்டைப் பண்ணைகளுக்குள் போய்விட்டது. அடங்குவதற்குள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. 2018-ல் அதே தென் கலிஃபோர்னியாவில் மறுபடி வீட்டுக் கோழிகளில் தொடங்கி, முடிய இரண்டு ஆண்டும் பன்னிரண்டு லட்சம் பறவைகளும் ஆயின. பணமும் ஆய்வகமும் கொட்டிக் கிடக்கும் நாட்டிலேயே கொல்லைப்புறக் கொடுக்கல் வாங்கல்தான் நோய்க்குப் பாதை போட்டது.

நோய் வந்த பிறகு நடப்பது பெரும்பாலும் சடங்கு. மருந்துக் கடையில் "கோழிக்குச் சீக்கு" என்று சொன்னால் ஏதோ ஒரு கலர் பொடி மடித்துக் கொடுப்பார்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய்; அதற்கும் நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்துக்கும் தொடர்பில்லை. சளிக்கோ வேறு பாக்டீரியா நோய்க்கோ வேண்டுமானால் மருத்துவர் பார்த்து அளவு சொல்லிக் கொடுக்கலாம். கண்டபடி கொடுத்தால் நாளைக்கு மனிதருக்கும் அந்த மருந்து கேட்காமல் போகும். கொலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதை மத்திய அரசு 2019-ல் தடை செய்தது அந்தப் பயத்தில்தான். சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி சேர்த்து அரைத்துக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தஞ்சாவூரில் கால்நடைகளுக்கான மூலிகை மருத்துவத்தைப் பரப்பிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்களின் முயற்சியால் அது மேலும் பலருக்குத் தெரியவந்தது. கொடுப்பதில் கெடுதல் இல்லை. மூலிகை கொடுத்தாகிவிட்டது என்று ஊசியைத் தவிர்ப்பதுதான் கெடுதல். செத்த கோழியை ஓடையில் வீசுவது அதைவிடக் கெடுதல். நாய் இழுத்துப்போய் அடுத்த தெருவுக்கும் சேர்த்துவிடும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி மூட வேண்டும்.

கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் என்ற பெயரில் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வெயில் ஏறுவதற்கு முன் போடுவது சரியான யோசனைதான், இலவசமும்கூட. குறை காலண்டரில் இருக்கிறது. புதுக்கோழி பிப்ரவரியில் மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. ஆடிக்கு வாங்கிய கோழிக்கும், ஐப்பசியில் அடைவைத்துப் பொரித்த குஞ்சுக்கும் அடுத்த பிப்ரவரி வரை எந்தக் காப்பும் இல்லை. மற்ற நாள்களில் மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் போடுவார்கள் என்பது உண்மை. ஆறு கோழியைக் கூடையில் கட்டி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மலையிலிருந்து இறங்கி யார் வருவார்கள்? அப்படியே வந்தாலும், ஏற்கெனவே கிருமி ஏறிய கோழிக்கு ஊசி உதவாது. ஊசி வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் வேண்டும். புதுக்கோழி வாங்கப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே பழைய கோழிகளுக்குப் போட்டிருந்தால்தான் கணக்கு சரிவரும்.

இன்னொரு சிக்கல் குப்பியில். வளர்ந்த கோழிக்கு இறக்கைக்கு அடியில் போடும் மருந்து நூறு கோழிக்கான குப்பியாக வருகிறது. குளிரில் வைத்திருக்க வேண்டும், கரைத்தால் இரண்டொரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்காக ஒரு குப்பியை உடைக்க எந்த மருந்தகமும் தயங்கும். கல்வராயன்மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் வீடு இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் ஊர்களில் ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர்வதே பாடு. இதே பாட்டைப் பட்ட மொசாம்பிக், தான்சானியா நாடுகளுக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்ப்ராட்புரோ குழு உருவாக்கிய வெப்பம் தாங்கும் மருந்து கைகொடுத்தது. அங்கே கிராமத்துப் பெண்களே நான்கு மாதத்துக்கு ஒருமுறை கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விடுகிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீனியோடு கொடுக்கும் குருணை மருந்தை உருவாக்கியிருக்கிறது. சின்னசேலத்தை ஒட்டிய தலைவாசலில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்துக் கால்நடைப் பூங்காவும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தாயிற்று. அங்கிருந்து மலையடிவாரம் அதிக தூரமில்லை. ஊசியும் ஐஸ் பெட்டியும் கேட்காத அந்த மருந்தை முதலில் ஏற்ற வேண்டிய இடம் கல்வராயன்மலைதான்.

அது ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மகளிர் குழு பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது, மாதம் ஒருமுறையாவது கூடுகிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கூட்டத்தன்று சாயங்காலம், கோழி அடைந்த பிறகு, கால்நடை ஆய்வாளர் ஒருவர் ஒரு குப்பியோடு வந்தால் போதும்; வீட்டுக்கு வீடு ஊசி முனையை மாற்றிக்கொண்டால் நோயும் கூடவே நடக்காது. எட்டுக் கோழி வைத்திருக்கும் பன்னிரண்டு வீடு சேர்ந்தால் 96 ஊசி. குப்பியில் நான்கு மிஞ்சும், மறுபக்கத்துப் பஞ்சாரத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் புதுக்கோழிகளுக்கு.