கணிப்பொறியில் சீட்டு

எம் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் தாயார் சென்ற வாரம் வந்திருந்தார். "ஹஜ்ரத், மகன் கம்ப்யூட்டரில் சீட்டு ஆடுகிறான். தடுக்க வேண்டிய அவன் வாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நான் என்ன செய்வது?" என்று கேட்டார்.

பணயம் வைத்து ஆடுவது மைஸிர்; அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. பணயமில்லாச் சீட்டைக் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதையும் விலக்குவோர் பலர். அதற்குத் தீர்ப்புக் கூற இப்பத்தி இடமன்று. ஆனால், ஆடும் வீட்டில் எதை ஆடுகிறார்கள் என்று பார்ப்பது அவசியம். திரையில் எல்லாச் சீட்டும் ஒரே சாயலில் தோன்றினாலும் அவை ஓரினமல்ல.

1990இல் விண்டோஸ் 3.0 உடன் சாலிடேர் வந்தது. கல்லூரி நாட்களில், பயிற்சிக் கூடத்தில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திவிட்டு அதை ஆடிக் கழித்தவன் நான். ஆகவே பிறரைக் கண்டிக்கும் தகுதி எனக்குக் குறைவே. அதில் பல சீட்டுகள் கவிழ்ந்தே கிடக்கும். எவ்வளவு கவனமாக ஆடினாலும் வெல்லவியலாத அடுக்குகள் உண்டு. அடுத்ததிலாவது வாய்க்காதா என்ற ஏக்கமே ஆடுபவனை எழவிடாது.

ஃப்ரீசெல் அப்படியன்று. 52 சீட்டுகளும் எட்டு வரிசைகளில் முகம் காட்டியே கிடக்கும். தற்காலிகமாகச் சீட்டை ஒதுக்கி வைக்க நான்கே இடங்கள். குலுக்கிப் போட்டபின் அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையில்லை. தோற்றால் பெரும்பாலும் பிழை நம்முடையதே. விண்டோஸ் 95 உடன் வந்ததில் 32,000 ஆட்டங்கள் எண்ணிடப்பட்டிருந்தன. ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு தந்தையும் மகனும் தனித்தனியே ஆடி, யார் எங்கே தவறினார் என்று ஒப்பிடலாம். அந்த 32,000இல் 11982ஆம் ஆட்டம் ஒன்றே தீர்க்க முடியாதது.

ஹார்த்ஸ்டோன் போன்றவற்றைக் குறித்தே எச்சரிக்கை தேவை. 2014இல் வெளியான அந்த ஆட்டத்தை இலவசமாகத் தொடங்கலாம். பிறகு சீட்டுப் பொட்டலங்களைக் காசுக்கு வாங்கத் தூண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று பிரித்த பின்னரே தெரியும். பொருள் இன்னதென அறியாமல் விற்பதை ஃபிக்ஹில் 'கரர்' என்பார்கள். எம் மாணவர்களுக்கு இதைவிட எளிய உதாரணம் வேறு கிடைக்காது. பணம் கட்டி ஆடும் ரம்மியோ பல குடும்பங்களைக் கடனில் தள்ளியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமியற்றியே அதற்குத் தடை விதித்தது.

எனவே அத்தாயாரிடம், "பணம் கேட்காதது, இணையம் இல்லாமலே இயங்குவது, ஓர் ஆட்டத்தோடு முடிவது, இவை மூன்றும் உண்டா என்று பாருங்கள், பாங்கு ஒலித்தால் பாதியில் மூடச் சொல்லுங்கள்" என்றேன். இன்றைய விண்டோஸின் சாலிடேரில் விளம்பரங்களும் அன்றாடப் போட்டிகளும் உண்டென்பதையும் சொன்னேன்.

சிறுவனிடம் 11982ஐப் பற்றிச் சொன்னதுதான் என் பிழை. தினமும் மஃக்ரிபுக்குப் பின் அதைத் திறந்துகொண்டு அமர்கிறானாம். முடியாதென்று வாப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம்.