காரைத் தேய்த்து மினுக்குவதற்கு முன்



என்னிடம் படித்துவிட்டு இன்று பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தான். "சார், காடி சாயம் மங்கிப் போச்சு. பட்டறையில ரொம்பக் கேக்குறாங்க. சேண்ட் பேப்பர் வாங்கி நானே தேய்ச்சுப் பாலிஷ் பண்ணிடட்டுமா?" என்றான். செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் தாளைக் கையில் எடுக்குமுன் என் அனுபவத்தைக் கேட்டுக்கொள் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். வேலை ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் பழைய சிவப்புப் புரோட்டோன் சாகா ஒன்றை வாங்கினார். அவர் வாழ்நாளில் வாங்கிய ஒரே கார் அது. தங்கையின் கல்யாணத்துக்குப் பெண் அழைப்பு அந்தக் காரில்தான் என்று முடிவாயிற்று. முன் மூடியோ வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது. விரல் வைத்தால் மாவு ஒட்டும்.

நான் வாத்தியார் அல்லவா, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு! ஹார்ட்வேர் கடையில் 800 எண் தாள் வாங்கி வந்தேன். எண் குறையக் குறையத் தாள் சொரசொரப்பாக இருக்கும், வேலை சீக்கிரம் முடியும் என்பது என் கணக்கு. நடுப்பகல் வெயிலில் உட்கார்ந்து அழுத்தித் தேய்த்தேன். வெற்றிலை எச்சில் போலச் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தேன். போனது அழுக்கல்ல, சாயம். மூடியின் ஓரத்து மடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தபோதுதான் கை நின்றது.

அப்பா வந்து பார்த்தார். கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "காயம் பண்ணிட்டியே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகிவிடும். மண்டோரின் ஏச்சு வேறு. சாயத்தைத் தேய்ப்பதும் சீவுவதுதான். ஒரு வித்தியாசம், மரத்தில் பட்டை மறுபடி வளரும்.

இப்போதைய கார்களில் நிறச் சாயத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்பார்கள். அதன் கனம் சாதாரணமாக 40 முதல் 50 மைக்ரான். 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். உங்கள் பிள்ளையின் பயிற்சிப் புத்தகத் தாள் ஒன்றில் ஏறக்குறையப் பாதிக் கனம்தான் அந்தப் பூச்சு. வெயிலைத் தாங்கி நிற்பதும் அதுதான். முழுதும் தேய்த்துவிட்டால் பட்டறையில் மறுபடி சாயம் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே முதலில் காரை நன்றாகக் கழுவி, மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் வைத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் மேல்பூச்சு இல்லை என்று பொருள். அப்பாவின் சாகா அப்படிப்பட்டது. அந்த மாதிரி வெளுத்துப்போன சாயத்துக்குப் பெரும்பாலும் தாளே வேண்டாம். காம்பவுண்டும் அதன்பின் பாலிஷும் போதும். இதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்!

கூரையில் தோல் உரிவது போல வெள்ளையாகப் பெயர்ந்து வருகிறதா? அதை எந்தத் தேய்ப்பும் சரிசெய்யாது. காசை வீணாக்காதீர்கள். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டும்போது நகம் மாட்டிக்கொண்டால், அந்தக் கீறலையும் தேய்த்து எடுக்க முயலவேண்டாம். அதன் அடிவரை தேய்ப்பதற்குள் பூச்சு போய்விடும்.

மேலாகப் படிந்த கீறலும், சாயம் அடித்தபோது விழுந்த மணல்மணலான பிசிறும்தான் தாளுக்கு உரிய வேலை. கார் நிழலில் நின்று, தகடு ஆறியிருக்க வேண்டும். தண்ணீரில் நனைக்கத் தகுந்த கறுப்புத் தாளில் 2000 எண் வாங்குங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் 1500. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் கால்மணி நேரம் ஊறட்டும். விரலால் அழுத்தினால் விரல் தடத்துக்குத் தடம் பள்ளம் விழும். எனவே தாளை ஒரு ரப்பர்க் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சீவிய தூளை அடித்துச் செல்வது அதுதான். இல்லாவிட்டால் தூள் தாளில் அடைத்துக்கொண்டு புதுக் கீறல் போடும். தாள் மண்ணில் விழுந்தால் கழுவி எடுக்கலாமே என்று பார்க்காதீர்கள், தூக்கி எறியுங்கள்.

ஓரங்களிலும் மடிப்புகளிலும் சாயம் மெல்லியதாகத்தான் நிற்கும். அங்கே ஒட்டும் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, ஓர் அங்குலம் தள்ளியே தேய்க்க வேண்டும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஓடும் தண்ணீர் பால்போல் வெளுத்திருந்தால் மேல்பூச்சில்தான் இருக்கிறீர்கள். காரின் நிறம் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் கீரைப் பாத்தியில் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளைகளும் பக்கத்தில் வேண்டாம்.

தேய்த்த இடம் மூடுபனி படிந்தது போல் மங்கித் தெரியும். பயப்படவேண்டாம். 3000 தாளில் லேசாக ஒரு முறை, பிறகு காம்பவுண்ட், அதன்பின் பாலிஷ், கடைசியில் மெழுகு. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. முதல் தடவை கையால் செய்வதே நல்லது. இரவல் இயந்திரம் கையில் கிடைத்தால் சூட்டிலேயே சாயம் கருகிவிடும்.

கல்யாணத்தன்று மூடியின் மேல் பெரிய மாலையாகப் போட்டுக் கோட்டை மறைத்தோம். மறுவாரம் அப்பா சின்னப் புட்டியில் சிவப்புச் சாயம் வாங்கிவந்து, மெல்லிய தூரிகையால் அந்தக் கோட்டின் மேல் தானே தடவினார். நான் உதவ வந்தபோது, தாளைத் தொடவேண்டாம், புட்டியை மட்டும் பிடித்துக்கொள் என்றார்.