துப்பாக்கி உரிமம் செல்லும், கல்லூரி அட்டை செல்லாது

டெக்சஸ் மாநிலத்தின் 2011 சட்டப்படி, வாக்குச்சாவடியில் துப்பாக்கி உரிமத்தை அடையாளமாகக் காட்டலாம். கல்லூரி அடையாள அட்டை செல்லாது. இதில் அடிபடுவது யார்? ஊகமாகச் சொல்லாமல் கணக்கெடுத்து நீதிமன்றத்தில் வைத்தவர்களில் ஒருவர் மேட் பரேட்டோ. லத்தீனோ அரசியலையே தன் ஆய்வாக்கிக்கொண்டவர். இப்போது லாஸ் ஏஞ்சலஸில் பேராசிரியர். உரிய அட்டை இல்லாதவர்கள் வெள்ளையரைவிட லத்தீனோக்களிடையேயும் கறுப்பினத்தவரிடையேயும் அதிகம் என்று காட்டியது அவர் குழுவின் கருத்துக்கணிப்பு. சட்டத்தின் விளைவு பாரபட்சமானதே என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது.

ஜனநாயகக் கட்சிக்குக் கணிப்பு நடத்தியவர்தானே என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த எண்களைச் சாட்சிக்கூண்டில் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்புக்குத் தடையேதும் இருக்கவில்லை.