மலிவான மரம் மட்டும் போதுமா?

“பொருள் எங்கே மலிவோ அங்கே வாங்கு. ஒரே மூலத்தைப் பெரிய அளவில் பிடித்து வை. மிச்சம் தானாக நடக்கும்.” விநியோகச் சங்கிலி என்றதும் தொழில் வட்டாரத்தில் அடிக்கடி எழும் வாதம் இது. தமிழகக் காகித ஆலைகளையும், தைலமரக் காடுகள் சூழ்ந்த புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாதத்தின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன.

முதல் கண்ணி: எந்தத் தொழிலுக்கும் செலவுக் குறைப்பே வழி. விநியோகச் சங்கிலி ஆய்வாளர் மார்ஷல் ஃபிஷர் 1997-லேயே இதை மறுத்தார். தேவை நிலையான சரக்குக்குச் சிக்கனம், தேவையை ஊகிக்க முடியாத சரக்குக்கு வேகம் என்று அவர் பிரித்தார். அச்சுக் காகிதம் முதல் வகை. ஆகவே சிக்கனமே சரி என்று தோன்றும். ஆனால் அதே துறை ஆய்வாளர் ஹாவ் லீ 2002-ல் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்: வரத்து நிலையானதா? காகிதம் இடறுவது அங்கேதான். வாங்குபவர் தவறாமல் வருவார், மூலப்பொருளை விளைவிக்கும் மழை வராது.

இரண்டாவது: ஒரே மூலப்பொருளே லாபம். 1979-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் மரத்தை மட்டும் நம்பவில்லை. கரூர் அருகே 1984-ல் உற்பத்தி தொடங்கியபோது அதன் முதன்மை மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகளோ சக்கையைத் தங்கள் கொதிகலன்களில் எரித்துவந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளும் நீராவியும் கொடுத்துச் சக்கையைப் பெற்றது நிறுவனம். காடு குறைந்த, கரும்பு மிகுந்த மாநிலத்துக்குப் பொருந்திய ஏற்பாடு அது. பின்னாளில் சர்க்கரை ஆலைகளே சக்கையை எரித்து மின்சாரம் விற்றன; வறட்சியில் கரும்புப் பரப்பும் சுருங்கியது. 2004 வாக்கிலேயே விவசாயிகளின் நிலத்தில் சவுக்கு போன்ற மரம் வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்ததால் நிறுவனத்துக்கு இன்னொரு கை இருந்தது.

மூன்றாவது: அரசுக் காட்டுத் தைலமரமே உறுதியான வரத்து. 1974-ல் உருவான தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் அதை வளர்த்துக் காகித ஆலைகளுக்கு விற்கிறது. தைலமரம் வறட்சி தாங்கும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும், இரண்டும் உண்மை.

ஆனால் அரிமளம் பகுதி மக்கள் சொல்வது வேறு. தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்கப் போடும் வரப்புகளால் கண்மாய்களுக்கு நீர் வருவதில்லை என்பது அவர்கள் புகார். வானம் பார்த்த பூமியில் கண்மாய் நிறையாவிட்டால் நெல் இல்லை. தைலமரத்தை அகற்றக் கோரிப் போராட்டங்களும் நடந்திருக்கின்றன.

“அது சுற்றுச்சூழல் விவகாரம், கொள்முதல் துறைக்கு என்ன?” என்பது கடைசிக் கண்ணி. ஊர் எதிர்க்கும் காட்டில் வெட்டு தள்ளிப்போகலாம், வழக்கு வரலாம், அரசின் கொள்கையே மாறலாம். ஒவ்வொன்றும் ஆலையின் வரத்தைத் தொடும். ஆகவே ஒரு டன் மரத்துக்கு விலை குறிக்கும்போதே, அந்தக் காட்டின் வரத்துவாரிகள் கண்மாய்வரை திறந்திருக்கின்றனவா என்பதையும், அந்த மரம் கிடைக்காமல் போனால் சக்கையோ விவசாயியின் சவுக்கோ எவ்வளவு ஈடுகட்டும் என்பதையும் ஆலை விசாரித்தாக வேண்டும்.