உத்தரத்தில் எழுதாத பெயர்

உதகமண்டலத்திற்குச் செல்வோர் தாவரவியல் பூங்காவையும் ஏரியையும் சுற்றிப் பார்த்துவிட்டு, தேயிலைத் தூளும் தைலமும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுகின்றனர். மைசூர் செல்லும் சாலையில் மேட்டின்மீது மஞ்சள் வண்ணத்தில் நிற்கும் புனித ஸ்டீபன் தேவாலயத்தை ஏறிட்டுப் பார்ப்போர் சிலரே. உள்ளே சென்று தலையை நிமிர்த்தி அதன் கூரையைப் பார்ப்போர் அவரினும் சிலர். வாசகர்கள் அடுத்த முறை உதகை செல்லும்போது அந்தச் சிலருள் ஒருவராக வேண்டும் என்பதற்காகவே இம்மாதம் இதை எழுதுகிறேன்.

சென்ற கோடையில் பேத்தியை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தேன். வழிபாடு இல்லாத நேரம். அங்கிருந்த பணியாளர் முகம் சுளிக்காமல் எங்களை உள்ளே அனுமதித்தார். சுவர்களில் நினைவுக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. கடல் கடந்து வந்து இம்மலையில் மாண்ட ஆங்கிலேயரின் பெயர்களும் பதவிகளும் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. என் பேத்தி ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

இறந்தோர்க்குக் கல்லில் நினைவு எழுப்புவதை ஐரோப்பியர் ஒரு பெருங்கலையாகவே வளர்த்தனர். 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஓங்கியிருந்த பரோக் என்னும் பாணியில் பளிங்கு துணியைப்போல் மடிப்பு மடிப்பாக விழும்; கல்லுருவங்கள் கண்ணீர் வடிப்பன போலத் தோன்றும். நம் நாட்டில் அதைக் காண விரும்புவோர் கோவாவுக்குச் செல்ல வேண்டும். நம் முத்துக்குளித்துறைக் கரையோரம் நடந்து திரிந்த பிரான்சிஸ் சேவியரின் கல்லறை அங்குள்ள போம் ஜீசஸ் தேவாலயத்தில் இருக்கிறது. அதன் பளிங்குப் பீடத்தைத் தஸ்கனி நாட்டுக் கோமகன் மூன்றாம் காசிமோ அனுப்பிவைத்தார். பிளாரன்ஸ் நகரச் சிற்பி ஃபோகினி பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய அது 1698இல் நிறுவப்பட்டது. உதகையில் அத்தகைய ஆடம்பரம் ஏதுமில்லை. எளிய ஊர், எளிய கற்கள்.

ஆயினும் அங்கே உள்ள மிகப் பெரிய நினைவுச் சின்னம் சுவரில் இல்லை. தலைக்கு மேலே இருக்கிறது.

இத்தேவாலயத்திற்கு 1829ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள் விழாவை ஒட்டி, அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். ஆலயத்தின் பெயரில் ஆளுநரின் பெயரும் ஒலிப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்! கட்டும் பொறுப்பு கேப்டன் அண்டர்வுட் என்பவருக்கு அளிக்கப்பட்டது. 1830 நவம்பரில் கல்கத்தாப் பேராயர் டர்னர் அதை அர்ப்பணித்தார். 1831ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் மக்கள் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

இக்கட்டடத்திற்கான பெருமரங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து! 1799 மே 4ஆம் நாள் கோட்டை வாயிலருகே வாளேந்தியபடியே சுல்தான் வீழ்ந்தார். ஏறக்குறைய முப்பதாண்டுகள் கழித்து அவரது மாளிகையின் உத்தரம் சுமார் 120 கிலோமீட்டர் கடந்து இம்மலைக்கு வந்து சேர்ந்தது. யானைகளே அதை இழுத்து வந்தன என்பர். எத்தனை யானைகள் பிளிறினவோ, எத்தனை கூலியாட்களின் தோள்கள் இற்றனவோ, அவர்களுக்கு எந்தச் சுவரிலும் கல் இல்லை.

இச்செய்தியைத் தேவாலயத்தார் மறைப்பதில்லை; கேட்போரிடம் பெருமையாகவே சொல்கின்றனர். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் பேத்தியிடம் சொன்னபோது, அவள் சுவர்க் கற்களை விட்டுவிட்டு மேலே நோக்கி, "நன்னா, இதில் சுல்தான் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். "எழுதவில்லையம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. ஜோசையா வெப் என்னும் அதிகாரிக்காக இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. வெப்பின் மறைவுக்காக வருந்தி நிற்போரில் ஒரு பிராமணரோடு ஒரு முஸ்லிமையும் சிற்பி அமைத்திருக்கிறார். சென்னை அரசின் செயலாளராக இருந்த இந்த வெப், 1798இல் திப்புவின்மீது போர் தொடுப்பது தகாது என்று வெல்லெஸ்லி பிரபுவின் திட்டத்தை எதிர்த்து எழுதியவர். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது. தடுக்க முயன்றவருக்குப் பளிங்கு கிடைத்தது. வீழ்ந்தவரின் வீடு பிறர் கூரைக்கு மரமாயிற்று.

இதைக் கேட்டுச் சினங்கொள்ளும் இளைஞர்களை நான் அறிவேன். அவர்களை ஆலயத்தின் பின்புறச் சரிவிலுள்ள கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்வேன். உதகையை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் உறங்குகின்றனர். சல்லிவனோ 1855இல் இங்கிலாந்தில் மறைந்து, அங்கேயே அடக்கமானார். தோடர்களின் நில உரிமைக்காகத் தம் அரசிடமே வாதாடிய மனிதர் அவர். ஆண்ட இனத்தவராயினும், பிள்ளையைப் புதைத்துவிட்டுக் கப்பலேறிய தகப்பனின் துயரம் துயரமே அன்றோ!

சுல்தானுக்குக் கல்லறை இல்லாமலில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கும்பஸில், தம் தந்தை ஹைதர் அலிக்காகத் தாமே எழுப்பிய கட்டடத்தில், தாய் தந்தையரின் அருகே அடங்கியிருக்கிறார். அங்கே உருவச் சிலையில்லை, அழும் பதுமையில்லை. போர்த்திய துணி ஒன்றே. ஜியாரத் செய்ய வருவோர் இன்றும் குறைவதில்லை.

திரும்பும்போது பேத்தி மறுபடியும் வாயிலில் நின்று கூரையைப் பார்த்தாள். "அடுத்த முறை கும்பஸுக்குப் போவோமா நன்னா?" என்றாள். பள்ளி விடுமுறைக்கு நாள் குறித்திருக்கிறோம்.